கல்மழைக்கு நடுவே ஒரு கல்விக்கடல்: இமாம் தபரீ (ரஹ்)

திருக்குர்ஆனுக்கு விரிவுரை கண்ட அறிஞர் பெருமக்களை யார் எண்ணத் தொடங்கினாலும் முதல் விரலில் வந்து நிற்கும் பெயர் இமாம் தபரீ (ரஹ்) அவர்களுடையதாகும். இஸ்லாத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளின் வரலாற்றை எழுத முனைவோரும் அவருடைய வாசலைத் தட்டாமல் மேலே செல்ல இயலாது. நம் அரபு மதரஸாக்களில் ஜலாலைன் ஓதும் மாணவரும், அதற்கு மேல் இப்னு கஸீர் வரை செல்லும் மாணவரும், அறிந்தோ அறியாமலோ அவர் வெட்டிய கிணற்றின் நீரையே பருகுகின்றனர். அத்தகைய பெருமகனார் 85 வயதை ஒட்டிய முதுமையில் பக்தாதில் கண்மூடியபோது, அவருடைய உடல் ஊரார் அடங்கும் பொதுக் கப்ருஸ்தானுக்குக் கொண்டு செல்லப்படவில்லை. அவர் வாழ்ந்த வீட்டுக்குள்ளேயே அவருக்குக் குழி தோண்டப்பட்டது. அது ஏன் என்று அறிய வேண்டுமாயின், அவருடைய வாழ்க்கையையும் அவர் வாழ்ந்த நகரத்தின் மனநிலையையும் சேர்த்தே நாம் நோக்க வேண்டும்.

காஸ்பியன் கடலுக்கும் அல்புர்ஸ் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட பசுமையான நிலம் தபரிஸ்தான். இன்றைய ஈரானில் அது மாஸந்தரான் என்று வழங்குகிறது. அந்நாட்டின் ஆமுல் நகரில் ஹிஜ்ரி 224ஆம் ஆண்டின் முடிவிலோ 225இன் தொடக்கத்திலோ, அதாவது கி.பி. 839 வாக்கில், ஜரீர் என்பாருக்கு மகனாகப் பிறந்தார் முஹம்மது. அபூ ஜஅஃபர் என்பது அவருடைய குன்யத்து. தபரீ என்பது நாட்டின் பெயரால் வந்தது. ஏழு வயதில் குர்ஆனை மனனம் செய்து முடித்தார். எட்டு வயதில் மக்களுக்கு முன்னின்று தொழவைத்தார். ஒன்பது வயதில் ஹதீஸ்களை எழுதத் தொடங்கினார். தந்தையார் ஒருநாள் கனவு கண்டாராம். அதில் மகன் கற்கள் நிறைந்த பையுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னே நின்று கற்களை எறிந்துகொண்டிருந்தான். இப்பிள்ளை வளர்ந்து மார்க்கத்தைக் காத்து நிற்பான் என்று கனவுக்கு விளக்கம் கூறப்பட்டது. சிறு நிலவுடைமையாளரான தந்தையார் அன்றே மகனைக் கல்விக்கென்று ஒப்படைத்துவிட்டார். கனவில் மகன் கையில் இருந்த கற்கள் முதுமையில் அவருடைய வீட்டு வாசலில் வந்து விழும் என்பதை அந்த எளிய மனிதர் எங்ஙனம் அறிவார்!

பன்னிரண்டு வயதில் முஹம்மது ஊரை விட்டுப் புறப்பட்டார். இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரமே அவருடைய முதல் கல்விக்கூடம். அங்கே முஹம்மது இப்னு ஹுமைத் என்னும் ஆசிரியரிடம் பாடம் கேட்டார். ஊருக்கு வெளியே ஒரு சிற்றூரில் மற்றோர் ஆசிரியர் இருந்தார். அவரிடம் பாடம் முடிந்ததும், இங்கே பாடம் தொடங்கிவிடுமே என்ற பதைப்பில் பித்தர்களைப் போல ஓடிவருவோம் என்று இமாம் அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடவேளை மணி அடித்த பின்னும் மரத்தடியை விட்டு எழ மனமில்லாத நம் மாணவச் செல்வங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ரய்யில் சில ஆண்டுகள் கற்ற பின், இமாம் அஹ்மத் இப்னு ஹம்பல் (ரஹ்) அவர்களிடம் நேரில் ஹதீஸ் கேட்க வேண்டும் என்ற வேட்கையுடன் அவர் பக்தாத் நோக்கிச் சென்றார். அவர் நகரை அடைவதற்குச் சற்று முன்னரே, ஹிஜ்ரி 241இல் (கி.பி. 855), இமாம் அஹ்மத் இறையடி சேர்ந்துவிட்டார்கள். மாணவராக அமர வந்தவருக்கு ஆசிரியர் கிட்டவில்லை. அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லிக்கொண்டோரே பின்னாளில் இவருக்கு எதிராகத் திரண்டனர் என்பதை நினைக்கும்போது நம் உள்ளம் கனக்கிறது.

பக்தாதிலிருந்து பஸ்ரா, வாஸித், கூஃபா எனப் பயணம் தொடர்ந்தது. கூஃபாவில் அபூகுரைப் என்ற கடுஞ்சினம் மிக்க ஆசிரியர், எழுதியதை மனனம் செய்தவர் யார் என்று கேட்டபோது, கூடிநின்ற மாணவர் அனைவரும் இந்த இளைஞரையே முன்னே தள்ளிவிட்டார்கள். எந்நாளில் எந்த ஹதீஸைக் கேட்டோம் என்பது வரை அவர் ஒப்பித்துக் காட்டினார். மீண்டும் பக்தாத் வந்து, உபைதுல்லாஹ் இப்னு யஹ்யா இப்னு காகான் என்ற அமைச்சரின் மகனுக்கு மாதம் 10 தீனார் ஊதியத்தில் ஆசிரியரானார். பிள்ளை எழுதக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் வீட்டுப் பெண்கள் தட்டுத் தட்டாகப் பொற்காசும் வெள்ளிக்காசும் அனுப்பியபோது, பேசிய ஊதியத்திற்கு மேல் தமக்கு உரிமையில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பினார். அவர் செல்வத்தில் மிதந்தவர் அல்லர். தந்தையார் அனுப்பும் பணம் தாமதமானபோது அணிந்திருந்த சட்டையின் கைகளை வெட்டி விற்றுப் பசியாறியதும் அவருடைய வாழ்வில் உண்டு.

சிரியா வழியாக எகிப்து சென்றது ஹிஜ்ரி 253ஆம் ஆண்டில் (கி.பி. 867). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நேர் மாணவரான ரபீஉ இப்னு ஸுலைமானிடம் அங்கே ஷாஃபிஈ சட்டவியலைக் கற்றார். நம் கடலோர ஊர்களின் பள்ளிவாசல்களில் இன்றும் நடைமுறையில் உள்ள மத்ஹபின் ஊற்றுக்கண் அது. யாப்பிலக்கணத்தில் ஒருவர் ஐயம் கேட்டபோது, நாளை வருக என்று சொல்லிவிட்டு, கலீலின் யாப்பு நூலை இரவல் வாங்கி ஓரிரவில் கற்று, மறுநாள் காலையில் யாப்பறிஞராக எழுந்ததும் எகிப்தில்தான். முஹம்மது என்ற ஒரே பெயருடைய நான்கு மாணவர்கள் அங்கே உணவின்றி வாடிய கதையும் பலரும் அறிந்தது. நம் இமாமுடன் இப்னு குஸைமா, மர்வஸீ, ரூயானீ ஆகியோர் சீட்டுப் போட்டுப் பார்த்தனர். யாசகம் கேட்கும் முறை இப்னு குஸைமாவுக்கு வந்தது. அவர் தொழுகைக்கு நின்றுவிட்டார். அந்நேரத்தில் ஆளுநரின் ஆள் பெயருக்கு 50 தீனார் வீதம் நான்கு பைகளுடன் கதவைத் தட்டினான். இந்த இப்னு குஸைமாவை நாம் மறந்துவிடாமல் இருப்போமாக. அவர் மீண்டும் வருவார்.

பின்னர் பக்தாதில் நிலைகொண்டு அரை நூற்றாண்டு காலம் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நெடிய மெலிந்த உருவம், மாநிறம், அகன்ற விழிகள், தெளிந்த சொல். தபரிஸ்தானில் தந்தையார் விட்டுச்சென்ற நிலத்தின் சிறு வருவாயே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நண்பகல் உணவுக்குப் பின் சற்று உறங்கி எழுந்து, ளுஹரைத் தொழுதுவிட்டு அஸர் வரை எழுதுவார். பிறகு மக்ரிப் வரை குர்ஆன் பாடம். அதன் பின் இஷா வரை சட்டப் பாடம். நாற்பது ஆண்டுகள் நாளொன்றுக்கு நாற்பது தாள் வீதம் எழுதினார் என்று மாணவர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். தம் விரிவுரையை 30,000 தாள்களில் எழுத எண்ணியிருப்பதாக அவர் கூற, படித்து முடிக்கும் முன் எங்கள் ஆயுள் முடிந்துவிடும் என்று மாணவர்கள் அலறினார்களாம். அதன் பிறகே 3,000 தாள்களாகச் சுருக்கினார். மக்களின் ஊக்கம் செத்துவிட்டதே என்று வருந்திக்கொண்டுதான் சுருக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 283 முதல் 290 வரை அவ்விரிவுரை மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவிக்கப்பட்டது. உலகப் படைப்பில் தொடங்கும் அவருடைய வரலாற்று நூல் ஹிஜ்ரி 302இன் நிகழ்ச்சிகளோடு (கி.பி. 915) முடிகிறது. ஒரே நிகழ்ச்சிக்கு முரண்பட்ட மூன்று செய்திகள் கிடைத்தால் மூன்றையும் அறிவித்தவர் பெயரோடு வரிசையாக வைப்பது அவர் முறை. தாம் பெற்றதைப் பெற்றவாறே ஒப்படைப்பதாக முன்னுரையிலேயே அறிவித்துவிடுகிறார்.

சட்டத்துறையில் பத்தாண்டுகள் ஷாஃபிஈ மத்ஹபில் நின்றவர், பின்னர் தம் ஆய்வின்படி தனிவழி கண்டார். அவ்வழியில் நின்றோர் ஜரீரீகள் எனப்பட்டனர். எல்லா வழக்குகளிலும் பெண் நீதிபதியாக அமரலாம் என்பது அவருடைய கருத்து என்று பிற்காலச் சட்ட நூல்கள் குறிக்கின்றன. பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டது அது என்பதை நம் மாணவியர் கவனிக்க வேண்டும். ஆனால் அவருக்கே நீதிபதிப் பதவியை அமைச்சர் ஒருவர் வழங்க முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை. சட்டச் சுருக்கம் ஒன்று எழுதித் தந்ததற்காக அமைச்சர் அப்பாஸ் இப்னு ஹஸன் அனுப்பிய 1,000 தீனாரையும் திருப்பிவிட்டார். இவ்வாறு அரண்மனைக்குக் கடன்படாமல் வாழ்ந்தவரை எதிரிகள் அரண்மனையிடமே காட்டிக்கொடுக்க முயன்றதைத்தான் இனி நாம் காண வேண்டும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற முஃதஸிலாக் கொள்கையை ஏற்குமாறு அறிஞர்களைக் கட்டாயப்படுத்தினார். மிஹ்னா எனப்படும் அச்சோதனையில் பலர் பணிந்தனர். இமாம் அஹ்மத் பணியவில்லை. முஃதஸிம் காலத்தில் அவர்கள் சாட்டையடி பட்டார்கள். முதவக்கில் ஆட்சியில் சோதனை நீங்கியபோது பக்தாத் மக்கள் உள்ளத்தில் அஹ்மத் (ரஹ்) அவர்களுக்கு ஈடான இடம் வேறெவருக்கும் இல்லை. அந்த மதிப்பு நியாயமானது. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் அவர்கள் மறைந்து இரண்டு தலைமுறை கழிந்த பின், அவர்களின் பெயரால் தெருவில் திரண்ட கூட்டம், ஒரு காலத்தில் அதிகாரம் கையாண்ட கட்டாயத்தைத் தானே கையாளத் தொடங்கியது. சாட்டை கைமாறிற்று. அது முக்ததிர் கலீஃபாவின் காலம். கருவூலம் வற்றியிருந்தது. ஹிஜ்ரி 308இல் தானிய விலை ஏறியதால் பக்தாதில் கலகமே மூண்டது. பசித்த நகரில் சினத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

இமாம் தபரீ மீது அவர்களுக்கு இருந்த முதல் மனத்தாங்கல் ஒரு நூலைப் பற்றியது. சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்த அந்நூலில் அவர் மாலிக், அபூஹனீஃபா, ஷாஃபிஈ, அவ்ஸாஈ போன்றோரைக் குறித்தார். இமாம் அஹ்மதைக் குறிக்கவில்லை. கேட்டபோது, அவர் ஹதீஸ் கலையின் இமாமே அன்றிச் சட்டக்கலைஞராகத் தமக்குத் தெரியவில்லை என்று விடையளித்தார். இது இகழ்ச்சியன்று. அவருக்குப் பின் ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு அப்தில் பர் என்ற பேரறிஞரும் சட்ட இமாம்களின் சிறப்பைப் பாடும் தம் நூலில் மாலிக், ஷாஃபிஈ, அபூஹனீஃபா ஆகிய மூவரோடு நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டில் யாரும் கல்லெறியவில்லை. தபரீ செய்த பிழை பக்தாதில் இருந்ததுதான் போலும்.

இரண்டாவது, ஒரு திருவசனத்தின் பொருள். பாங்குக்குப் பின் நாம் ஓதும் துஆவில் மகாமே மஹ்மூத் என்னும் புகழுக்குரிய நிலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு வேண்டுகிறோமே, அச்சொல் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 79ஆம் வசனத்தில் வருவது. அது மறுமையில் பெருமானார் செய்யும் ஷஃபாஅத்தைக் குறிக்கும் என்பது பெரும்பாலோர் கருத்து. அல்லாஹ் அவர்களைத் தன் அர்ஷில் அமர்த்துவான் என்பதே பொருள் என்று முஜாஹிதின் சொல்லை ஆதாரமாக்கி ஹம்பலிகளில் ஒரு சாரார் உறுதியாக நின்றனர். பள்ளிவாசலில் இதுபற்றிக் கேட்டவர்களிடம் அக்கருத்தை இமாம் தபரீ மறுத்துரைத்ததாகவும், உடனே அங்கிருந்தோர் தம் மைக்கூடுகளை அவர்மீது எறிந்ததாகவும் யாகூத் எழுதியிருக்கிறார். அவர் எழுந்து வீட்டுக்குள் சென்றார். பின்தொடர்ந்த கூட்டம் எறிந்த கற்கள் வாசலில் குன்றுபோல் குவிந்தன. காவல் தலைவர் நாஸூக் ஆயிரக்கணக்கான வீரர்களுடன் வந்து கூட்டத்தைக் கலைத்தார். கற்களை அகற்றியதோடு, வாசலில் இமாம் எழுதிவைத்திருந்த கவிதை வரிகளையும் அழிக்கச் செய்தார்.

மைக்கூடு எறிந்தவர்கள் யார் என்பதை நாம் ஒரு கணம் நினைக்க வேண்டும். மைக்கூடு கையில் இருந்தது என்றால், அவர்கள் பாடம் எழுத வந்தவர்கள்.

இதில் வியப்பு யாதெனில், இமாமின் விரிவுரையைத் திறந்து அவ்வசனத்தைப் பார்த்தால், ஷஃபாஅத் என்பதே சரியான பொருள் என்று அவர் முடிவு கூறுகிறார். எனினும் முஜாஹிதின் கருத்தும் அறிவாலோ அறிவிப்பாலோ அடியோடு தள்ளத்தக்கதன்று என்று நீண்ட பக்கங்களில் அதற்கும் இடம் தருகிறார். எதிர்த்தரப்புக்கு இத்தனை நேர்மையுடன் இடம் தந்த ஒருவரைத்தான் கல்லால் அடித்திருக்கின்றனர். அவர்கள் நூலைப் படித்துவிட்டுக் கல்லெடுத்ததாக நமக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது பழி அவர் ராஃபிளீ என்பது. ஹதீஸ் தொகுப்பாசிரியர் அபூதாவூதின் மகனாரான அபூபக்ர் என்பார் கதீர் கும் நிகழ்ச்சி குறித்து எதிர்ப்பாகப் பேசியபோது, அதற்குரிய அறிவிப்புகளைத் திரட்டி அலீ (ரலி) அவர்களின் சிறப்பை இமாம் எழுதினார். அவ்வளவுதான், ஷீஆ என்று முத்திரை குத்திவிட்டனர். அரண்மனை அலுவலர் வரை புகார் சென்றது. ஆனால் இதே இமாம், ஹிஜ்ரி 290இல் (கி.பி. 903) தம் தாயகமான தபரிஸ்தான் சென்றபோது, அங்கே நபித்தோழர்கள் ஏசப்படுவதைக் கேட்டு, அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரின் சிறப்புகளை எழுதச் சொல்லிக்கொடுத்தவர். ஆட்சியாளர் அவரைப் பிடிக்க ஆள் அனுப்ப, முதியவர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்ததால் தப்பினார். எச்சரித்த முதியவருக்கு அடி கிடைத்தது. ஷீஆக்களின் ஊரில் ஸுன்னி என்று துரத்தப்பட்டவர் ஸுன்னிகளின் ஊரில் ஷீஆ என்று தூற்றப்பட்டார். முஹம்மது இப்னு ஜரீர் தபரீ என்ற அதே பெயரில் ஷீஆ எழுத்தாளர் ஒருவரும் இருந்தது குழப்பத்தை மேலும் வளர்த்தது.

ஹிஜ்ரி 309இல் (கி.பி. 921) நல்லமைச்சர் எனப் புகழ்பெற்ற அலீ இப்னு ஈஸா, இருதரப்பும் தம் முன்னிலையில் அமர்ந்து பேசட்டும் என்று அழைத்தார். குறித்த நாளில் முதிய இமாம் வந்து காத்திருந்தார். ஹம்பலிகள் வரவில்லை. கல்லெறிய வந்த அளவுக்குச் சொல்லாட வருவார் இல்லை. அதே ஹிஜ்ரி ஆண்டின் முடிவில்தான் மன்ஸூர் ஹல்லாஜ் பக்தாதில் கொலையுண்டார் என்பதையும் சேர்த்து எண்ணினால் அந்நகரின் காற்று எத்தகையது என்பது விளங்கும்.

எல்லா ஹம்பலி அறிஞர்களும் இதில் பங்கு கொண்டனர் என்று நாம் சொல்ல வரவில்லை. இமாமவர்களும் தம் கொள்கை விளக்க நூலில் இமாம் அஹ்மதின் பெயரை மதிப்போடு எடுத்து, குர்ஆன் ஓதும் ஒலி பற்றிய சிக்கலில் அவருடைய சொல்லே தமக்கும் சொல் என்று ஏற்றிருக்கிறார். வசை எதற்கும் அவர் வசையால் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய நூல்கள் அவருக்கு நிறைய இருந்தன.

எனினும் வீட்டு வாசலில் காவல் நின்றது போன்ற நிலைதான். நிஷாபூரில் இருந்து பக்தாத் சென்று திரும்பிய ஒரு மாணவரிடம் இப்னு குஸைமா, இப்னு ஜரீரிடம் பாடம் கேட்டாயா என்று வினவினார். அவரிடம் செல்ல ஹம்பலிகள் விடவில்லை என்றார் மாணவர். நீ பாடம் எழுதிய மற்ற எல்லாரையும் விட அவர் ஒருவரிடம் கேட்டிருந்தால் உனக்குச் சிறப்பாக இருந்திருக்கும் என்று வருந்தினார் எகிப்தில் பட்டினியைப் பங்கிட்ட பழைய தோழர். அதே இப்னு குஸைமா, தபரீயின் விரிவுரையை இரவல் வாங்கி ஆண்டுக்கணக்கில் முழுவதும் படித்துவிட்டு, பூமியின் மேல் இவரைவிடக் கற்றவரைத் தாம் அறியவில்லை என்றும் ஹம்பலிகள் இவருக்கு அநீதி இழைத்துவிட்டனர் என்றும் சொன்னார்.

ஹிஜ்ரி 310 ஷவ்வால் மாத இறுதியில் (கி.பி. 923) இமாம் தபரீ மறைந்தார். உயிர் பிரியும் வேளையில் அருகிலிருந்தவர் ஒரு துஆவை ஓத, மைக்கூடும் தாளும் கொண்டுவரச் செய்து அதை எழுதிக்கொண்டார். இந்நிலையிலுமா என்று கேட்டவருக்கு, சாகும்வரை கற்பதை விடலாகாது என்ற பொருளில் விடை சொன்னார். அவர் கடைசியாகக் கேட்ட பொருளும் மைக்கூடுதான். பொதுமக்கள் கூட்டம் தடுத்ததால் இரவோடிரவாக அவரை வீட்டில் அடக்கினர் என்று வரலாற்றாசிரியர் சிலர் எழுதுகின்றனர். எண்ணற்றோர் கூடினர், பல மாதங்கள் இரவும் பகலும் அவருடைய கப்ரில் தொழுகை நடந்தது என்று கதீப் பக்தாதீ எழுதுகிறார். இரண்டும் உண்மையாக இருப்பதற்குத் தடையில்லை. ஓர் ஊரில் இரண்டு ஊர்கள் இருப்பதை நாம் கண்டதில்லையா?

அவர் மறைந்த ஏழாம் ஹிஜ்ரி ஆண்டில், அதாவது 317இல் (கி.பி. 929), அதே மகாமே மஹ்மூத் வசனத்தின் பொருளுக்காக பக்தாத் தெருக்களில் கைகலப்பு மூண்டு பலர் மடிந்தனர். 323இல் (கி.பி. 935) கலீஃபா ராளீ ஹம்பலிகளைக் கண்டித்து ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. இமாமின் ஜரீரீ மத்ஹபு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மேலாக உயிரோடிருந்து பின்பு அணைந்தது. நூல்கள் அணையவில்லை. அவர் மறைந்த நாற்பது ஆண்டுகளில் ஸாமானிய அரசின் அமைச்சர் பல்அமீ அவருடைய வரலாற்றைப் பாரசீகத்தில் ஆக்கினார். விரிவுரையும் பாரசீகத்துக்குச் சென்றது. ஹாலந்தின் லைடன் நகரில் டி கூயே என்பாரின் தலைமையில் 1879 முதல் 1901 வரை வரலாற்று நூலின் அரபு மூலம் அச்சாயிற்று.

மக்கள் கையில் உள்ள தஃப்ஸீர்களில் மிகச் சரியானது எது என்ற கேள்வி எழுந்தபோது, தபரீயின் தஃப்ஸீரே என்று தீர்ப்பளித்தவர் கி.பி. 1328இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா. அவர் ஹம்பலி மத்ஹபினர். அத்தஃப்ஸீர் முழுமையாகக் கிடைக்காது என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தனர். அரபுத் தீபகற்பத்தின் நடுவே, ஹம்பலிகள் வாழும் நஜ்து நாட்டு ஹாயில் அமீரின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் படி இருந்தது. அங்கிருந்து கெய்ரோ சென்று 1903இல் முப்பது பாகங்களாக அது அச்சேறியது.